திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அக்னி நட்சத்திரம் தொடங்கியாச்சு; மதியம் கரண்ட் போனால் வேப்பமரத்தடிதான் கதி. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி சுகம்.

லீவுக்கு வரும் உன் மகனுக்கு நம் கரிசல்காட்டு எழுத்தாளர்களின் புத்தகம் நாலு எடுத்து வைக்கச் சொன்னாய். "பெங்களூரில் வளர்ந்தவன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான்" என்று பயமுறுத்தியும் இருக்கிறாய். அதனால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவல் முதலில் வேண்டாம். போன வருஷம் என் மகளிடம் அதைத்தான் நீட்டினேன். முப்பது பக்கம் தாண்டவில்லை.

இந்த வருஷம் புத்தி வந்து, கி.ரா.வின் 'கதவு' கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். கதவில் ஏறி நின்று ஆட்டி, பஸ் விளையாடுகிற பிள்ளைகள், திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்கும் இடத்தில் சிரித்தாள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போனதும் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டாள் பார்: "கீல் பிய்ந்துவிடாதாப்பா?" ஆச்சி வீட்டுக்குக் கூட்டிப்போய், மேலும் கீழும் குடுமி வைத்துக் குழியில் சுழலும் பழைய கதவைக் காட்டினேன். பதினாறு வயசுப் பெண், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு அதில் ஏறி நின்றுவிட்டாள். நான்தான் தள்ளினேன். அந்தக் கிரீச் சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆக, உன் மகனுக்கும் முதலில் அதுதான். அடுத்து கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி கதியற்ற ஒரு பையன் ஏழை வீட்டு வாசலுக்கு வருகிறான். அவன் பெயர் ராஜா. இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுப்போகும். கி.ரா.வை எல்லாரும் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் சிறுகதை என்று வந்தால் என் ஓட்டு அழகிரிசாமிக்குத்தான். நீ சண்டைக்கு வருவாய், வா.

இரண்டு பேருமே இடைசெவல். நம் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரத்துக் கிராமம், சாகித்திய அகாதமி விருது இரண்டு. அழகிரிசாமிக்கு 1970இல், அதுவும் அவர் போன பிறகு. கி.ரா.வுக்கு 1991இல்.

பூமணியின் 'வெக்கை'யை உன் மகன் தானே கேட்பான், அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்திருப்பான் அல்லவா? கொடு, ஆனால் படத்தைத் தேடாதே என்று சொல்லிவிடு. நாவலில் அப்பனும் மகனும் ஒளிந்து திரிகிற காடும், அவர்கள் பொங்கித் தின்கிற சோறும்தான் எனக்குப் பெரிசு. 1982இல் வந்தது, இன்னும் சூடு குறையவில்லை.

சோ. தர்மனின் 'சூல்' உனக்கு. தலையணை கனம்தான், ஆனால் இந்த மாசத்தில் வாசிக்க வேண்டிய புத்தகம். உருளைக்குடிக் கம்மாய்தான் கதாநாயகன். கோடையில் கம்மாயின் கரம்பை மண்ணை, அதாவது வண்டலை, அள்ளி வண்டி வண்டியாகக் காட்டில் அடித்தவர்கள், கம்மாயைத் தங்கள் பொறுப்பாக வைத்திருந்தவர்கள், சுதந்திரத்துக்குப் பிறகு அது எப்படிக் கைவிட்டுப் போனது என்று விரிகிறது. நேற்று நம் கம்மாய்ப் பக்கம் போயிருந்தேன். வெடிப்பில் முழங்கை வரை கை போகிறது. உள்ளே கருவேலம்தான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்ததே, என் பிரதி உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று சாதிக்காதே, முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும். பையனின் பெட்டியில் வைத்து அனுப்பு. பதிலுக்கு இரண்டு கிலோ கடலைமிட்டாய் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
கோவில்பட்டி