மல்லிகாவுக்கு, உன் மாமியார் விஷயமாக

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மாமியார் மறுபடி விழுந்துவிட்டார் என்று படித்ததும் மனம் கனத்துப்போனது. பணிப்பெண் ஒருத்தியால் இனி அவரைத் தூக்கிவைக்க முடியாது என்கிறாய். தாதிமை இல்லம் தேடுவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், மல்லிகா. இதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன்.

தொண்டு அமைப்பு நடத்தும் இல்லமா, தனியார் இல்லமா, எது நல்லது என்று கேட்டிருந்தாய். அம்மாவுக்குத் தேடியபோது நானும் முதலில் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்விதான். இரவு இரண்டு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவாலும் சொல்ல முடியாது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றுக்குப் பணம் கட்டும்போது, மிச்சமாகும் காசை யாரும் பங்கு போட்டுக்கொள்ளாத இடத்தைத்தான் மனம் நம்புகிறது. ஹென்றி ஹான்ஸ்மன் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1980-லேயே இதை விளக்கியிருக்கிறார். 2009-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 82 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. அவற்றில் 40 ஆய்வுகள் லாப நோக்கில்லாத இல்லங்களையே மேலாகக் காட்டின. லாபத்துக்கு நடக்கும் இல்லங்களை மேலாகக் காட்டியவை 3 மட்டுமே. மற்றவற்றில் முடிவு அப்படித் தெளிவாக இல்லை. பெரும்பாலானவை அமெரிக்க இல்லங்களைப் பற்றியவை.

நம் சிங்கப்பூரில் தொண்டு, தனியார் என்ற கோடு அவ்வளவு நேராக இல்லை. சில கட்டடங்களை அரசாங்கமே கட்டி, நடத்தும் பொறுப்பைத் தொண்டு அமைப்புக்கோ தனியாருக்கோ கொடுக்கிறது. 2015-ல் தொடங்கிய வேன்கார்ட் என்ற தாதிமை இல்ல நிறுவனம், சுகாதார அமைச்சின் நிறுவனத்துக்கே சொந்தம். சில தனியார் இல்லங்களிலும் மானியப் படுக்கைகள் உண்டு. மானியம் எவ்வளவு என்பது குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் பொறுத்தது. அதனால் மருத்துவமனையின் சமூக ஊழியரிடம் முதலில் உட்கார்ந்து பேசு. விண்ணப்பத்தை, இதையெல்லாம் கவனிக்கும் அரசு அமைப்பான ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு (AIC) அவரே அனுப்புவார்.

நாங்கள் பார்த்த ஒரு தனியார் இல்லத்தில் வரவேற்பறை ஹோட்டல் மாதிரி இருந்தது. தம்பிக்கு உடனே பிடித்துவிட்டது. மாடிக்குப் போனால், ஒரு பாட்டி அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருக்கிறார், நாங்கள் கிளம்பும்வரை யாரும் வரவில்லை. தொண்டு இல்லம் ஒன்றிலோ எல்லோரும் அன்பாகப் பேசினார்கள், ஆனால் மாலை ஐந்தரைக்கே அத்தனை பேரையும் படுக்கவைத்துவிட்டார்கள். இரண்டுமே வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இப்போது அம்மா இருப்பதும் தொண்டு இல்லம்தான். நான் அதைத் தேர்ந்தெடுத்தது தொண்டு இல்லம் என்பதற்காக மட்டும் இல்லை. இரவில் ஒரு மாடிக்கு எத்தனை தாதிகள் என்று கேட்டபோது, பட்டியலையே எடுத்துக் காட்டினார்கள். சைவச் சாப்பாடு கிடைக்கும். முக்கியமாக, வீட்டிலிருந்து பேருந்தில் நான்கே நிறுத்தம், தினமும் போகிறேன். அங்கே மியன்மார்த் தாதி ஒருத்தி "வலிக்குதா அம்மா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அம்மா தலையாட்டுகிறாள். அதைப் பார்த்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உன் மாமியாருக்கும் தமிழ் மட்டும்தானே தெரியும்? யீஷுனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லத்தையும் போய்ப் பார். எல்லா இனத்தாரையும் சேர்க்கிறார்கள்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. நானும் கூட வருகிறேன், இரவுச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போவோம். அப்புறம், மாமியாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. என் அம்மாவிடம் கேட்க எனக்குத்தான் வாய்க்கவில்லை.

அன்புடன்,
செல்வி