முதலாளி இல்லாத இடத்துக்குத்தான் விதிகள் அதிகம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

யாரும் எடுத்துத் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழ் இதழ்கள் அதிகம் தொடாத விஷயம் இது. ஆனால் ஓர் இடத்தில் கட்டுரையாளரோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதலாளி கிடையாது, தலைவர் கிடையாது, சட்டதிட்டம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் கூடி உழைக்கிறார்கள், எல்லாம் தானாக நடக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். தானாக எதுவும் நடப்பதில்லை. பல ஆண்டுகள் தாக்குப்பிடித்த தன்னார்வச் சமூகங்களைப் பார்த்தால், அவர்கள் நிரல் எழுதிய அளவுக்கு இல்லாவிட்டாலும் கணிசமான உழைப்பை விதி எழுதுவதில் செலவழித்திருப்பது தெரியும்.

டெபியனை எடுத்துக்கொள்கிறேன். 1993இல் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய இயங்குதளம் அது. இன்று பலர் பயன்படுத்தும் உபுண்டு அதன் மேல் கட்டப்பட்டது. சென்னையில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் அதைப் பார்த்தவர்கள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள். இவ்வளவு பெரிய வேலையைச் செய்வது உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சுமார் ஆயிரம் தன்னார்வலர்கள். அவர்களுக்கு 1998 டிசம்பரிலிருந்து எழுத்து வடிவில் ஓர் அரசியலமைப்பு இருக்கிறது. பெயரே அதுதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஆரம்பத்திலேயே வருகிறது. இந்த ஆவணம் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தாது. ஒப்படைத்த வேலையைச் செய்ய விருப்பமில்லை என்றால் ஒருவர் செய்யாமல் இருக்கலாம். ஆனால் முறையாக எடுத்த முடிவுக்கு எதிராக அவர் இறங்கி வேலை செய்யக் கூடாது. தன்னார்வ அமைப்பின் மொத்தச் சிக்கலும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. சம்பளம் கொடுக்காதவர் கட்டளை போட முடியாது. அதே சமயம், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நாலு பேர் கூடி எடுத்த முடிவை நான் முடக்கவும் முடியாது.

அடுத்து அதிகாரம். டெபியனுக்குத் தலைவர் உண்டு, ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. ஆனால் ஒரு பராமரிப்பாளர் தன் பொதியில், அதாவது தன் பொறுப்பில் உள்ள மென்பொருளில், எடுத்த தொழில்நுட்ப முடிவை அந்தத் தலைவர் நினைத்தால்கூட மாற்ற முடியாது. தொழில்நுட்பக் குழு மாற்றலாம். அதற்கும் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும். தலைவரின் முடிவோ குழுவின் முடிவோ தவறு என்று தோன்றினால், ஓர் உறுப்பினர் ஐந்து பேரின் ஆதரவோடு எல்லோரையும் வாக்கெடுப்புக்கு அழைக்கலாம். வேலை செய்பவரின் கையில்தான் வேலையைப் பற்றிய முடிவும் இருக்கிறது. அவரைத் தடுக்க வழி உண்டு, ஆனால் அந்த வழி எளிதானதல்ல. இந்த அளவு சரியாக அமைந்ததுதான் டெபியன் நிலைத்ததற்குக் காரணம் என்று நம்புகிறேன்.

தேர்தல் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 2013இல் நோட்டா வந்தது. நோட்டாவுக்கு எவ்வளவு வாக்கு விழுந்தாலும் அடுத்து அதிக வாக்கு வாங்கிய வேட்பாளர் வென்றுவிடுகிறார். டெபியன் வாக்குச்சீட்டிலும் 'மேற்கண்ட யாரும் வேண்டாம்' என்ற வரி இருக்கிறது, ஆனால் அங்கே அதற்கு உயிர் இருக்கிறது. வாக்காளர்கள் எல்லாப் பெயர்களையும் விருப்ப வரிசையில் எழுதுகிறார்கள். அந்த வரியைத் தாண்ட முடியாத வேட்பாளர் தோற்றவர். அந்த வரியே வென்றால் தேர்தலை மறுபடி நடத்த வேண்டும். 2019இல் இன்னொரு சோதனை வந்தது. வேட்புமனு நாட்கள் முடியும்போது ஒருவர்கூட நிற்கவில்லை. என்ன செய்வது என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. யாரும் நிற்காவிட்டால் கெடுவை ஒரு வாரம் நீட்டு என்று விதியே சொல்லியிருந்தது. நீட்டினார்கள், பெயர்கள் வந்தன, சாம் ஹார்ட்மன் தேர்வானார்.

விதி இருந்தால் சண்டை வராது என்று நான் சொல்ல வரவில்லை. 2014இல் டெபியனில் நடந்தது பெரிய சண்டை. கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் மென்பொருளாக சிஸ்டம்டியை ஏற்பதா என்பது கேள்வி. தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்து, குழுத் தலைவரின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டி வென்றது. அதோடு ஓயவில்லை. அந்த நவம்பரில் அது தொடர்பாகப் பொது வாக்கெடுப்பு வந்தது. அதில் வென்ற தேர்வு எது தெரியுமா? இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற தேர்வு. எங்கள் சண்டையைச் சட்டமாக்க வேண்டாம், வழக்கமான வழியில் பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று பெரும்பாலோர் வாக்குப்போட்டுச் சொன்னார்கள். இதற்கு விலையும் கொடுத்தார்கள். நீண்ட காலம் உழைத்த சிலர் பொறுப்புகளைத் துறந்தார்கள். அரசியலமைப்பை எழுதிய இயன் ஜாக்சனே தொழில்நுட்பக் குழுவிலிருந்து விலகினார். முடிவை ஏற்காத சிலர் டெவுவன் என்று தனியாகப் பிரிந்து போனார்கள். அப்படிப் பிரிந்து போகும் உரிமையைக் கட்டற்ற உரிமமே தருகிறது, அதில் தவறு இல்லை. ஆனால் பிரிவின் வலியைச் சாதாரணமாகப் பேசுபவர்கள் பத்து வருட நட்பு உடைவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் களைப்பிலிருந்துதான் இன்னொரு நல்ல விதியும் பிறந்தது: அதே டிசம்பரில் தொழில்நுட்பக் குழு உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு வைத்தார்கள்.

விதியைத் திருத்தத் தயங்காததும் முக்கியம். தலைவர் தேர்தலைத் தவிர மற்ற வாக்கெடுப்புகளில் யார் எப்படி வாக்களித்தார் என்பது டெபியனில் வெளிப்படையாக இருந்தது. 2021இல், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பிய விவகாரத்தில் கடும் வாக்குவாதம் வந்தபோது, வாக்களித்ததற்காகத் துன்புறுத்தப்படுவோமோ என்ற பயம் பலருக்கு இருந்தது. மறு ஆண்டே வாக்கெடுப்பு நடத்தி எல்லா வாக்குகளையும் ரகசியமாக்கினார்கள். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது இந்த உலகின் பெரிய கொள்கை. மனிதர்களின் பாதுகாப்புக்காக அதிலும் ஓரிடத்தில் வளைந்துகொடுத்ததை நான் மதிக்கிறேன்.

விதி எழுதாமலேயே நீண்ட காலம் ஓடியவர்களும் உண்டு. பைத்தான் என்ற நிரல் மொழியின் சமூகம் அப்படித்தான். அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் சொல்வதே அங்கே கடைசி வார்த்தையாக இருந்தது. 2018 ஜூலையில், ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சச்சரவில் மனம் நொந்து அவர் விலகினார். வாரிசு யாரையும் நியமிக்கவில்லை, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். எப்படி முடிவு செய்வது என்பதை முடிவு செய்யவே அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. டிசம்பரில்தான் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு என்று ஏற்றார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். தன்னார்வச் சமூகத்தைப் பணபலமுள்ள நிறுவனம் சத்தமில்லாமல் கைக்குள் போட்டுக்கொள்ளும் ஆபத்தை யோசித்தவர்கள் எழுதிய விதி இது.

இதையெல்லாம் நான் எழுதுவது நம் தமிழ்க் குழுக்களை மனத்தில் வைத்துத்தான். எழுத்துரு, சொற்பிழை திருத்தி, மென்பொருள் தமிழாக்கம் என்று ராத்திரி கண்விழித்து உழைக்கும் இளைஞர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான குழுக்களில் எழுதிவைத்த விதி ஒன்றும் இல்லை. நான் பங்களித்த ஒரு சிறு தமிழாக்கக் குழுவில் தளத்தின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அவர் வேறு வேலையில் மூழ்கிப் போனார். தளத்தின் இணைய முகவரியைப் புதுப்பிக்க ஆளில்லை, தளம் போனது, அதோடு பல பேரின் உழைப்பும் போனது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள எங்களிடம் ஒரு முறை இல்லை, அவ்வளவுதான். "நண்பர்களுக்குள் எதற்கு விதி?" என்று கேட்பார்கள். நண்பர்களாக இருக்கும்போது எழுதினால்தான் உண்டு. சண்டை வந்த பிறகு எழுதும் எந்த விதியும் ஒரு தரப்பின் ஆயுதமாகத்தான் தெரியும். அப்புறம், விதி இல்லாத குழுவில் எல்லோரும் சமம் என்பதும் உண்மையில்லை. நேரம் அதிகம் உள்ளவரும் குரல் உயர்த்துபவரும் சொல்வதே அங்கே நடக்கும். வேலைக்குப் போய்க்கொண்டு குழந்தையும் வளர்க்கும் ஒரு பெண் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி மொழிபெயர்த்தால், அவருடைய ஒரு வாக்குக்கு மதிப்புக் கொடுப்பது எழுதிவைத்த விதி மட்டுமே.

டெபியனின் ஆண்டு மாநாடு 2023இல் கொச்சியில் நடந்தது. நம் பக்கத்து மாநிலம். அந்தச் சமூகம் எட்டாத தூரத்தில் இல்லை. உங்கள் இதழ் ஒரு தொடர் கட்டுரைக்கு இடம் கொடுக்க வேண்டுகிறேன். மென்பொருளின் பயன்களைப் பற்றி நிறைய வந்துவிட்டது, அதை உருவாக்கும் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி வரட்டும். அந்த அரசியலமைப்பு ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடியது. நீங்கள் வெளியிடுவதாக இருந்தால் தமிழில் மொழிபெயர்த்துத் தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி