தம்பிக்கு, தடைக்காலத்தில்

தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகு கரையில் நிற்கிறது. ஜூன் 14 வரை, 61 நாளும் வலை தைப்பதுதான் வேலை. கண்ணாடி போட்டும் கண்ணி தெரியமாட்டேன் என்கிறது. மூன்று ஞாயிறாக உன் போன் அணைந்தே கிடக்கிறது என்கிறாள் அம்மா. சார்ஜ் இருந்திருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரூமில் தனியாக இருக்காதே.

நம் தெருவின் முதல் இன்ஜினியர் நீதான் என்று இன்னும் எல்லோரிடமும் சொல்கிறேன். சித்தப்பா பேத்தி காதுகுத்துக்கு எட்டிக்கூடப் பார்க்காதவன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நேற்று வலை தைக்கையில் 2004 சுனாமிப் பேச்சு வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நமக்குப் பாப்பா. தார்ஷீட் கொட்டகையில் நான் கிடந்த கிடை உனக்குத் தெரியும். பஞ்சாயத்தில் அரிசி, பாத்திரம் எல்லாம் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். நம் பங்குக்காகவாவது எழுந்து போக வேண்டியிருந்தது. அப்புறம் மேலவீட்டு மாமா. மூன்று பேரைப் பறிகொடுத்த மனுஷன், தினமும் விடிந்ததும் வாசலில் நின்று "வலைக்கு ஆள் பத்தல, வா" என்பார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊசியைக் கையில் திணிப்பார், அவ்வளவுதான். நாளைக்கும் வந்து நிற்பார் என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அம்மாவுக்கு வலை உதவவில்லை. நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரர்கள் பயிற்சி கொடுத்த பெண்கள் வீடு வீடாக வந்தார்களே, அவர்களிடம் அழுது தீர்த்தாள். அந்த ஆஸ்பத்திரி உன் பெங்களூரில், ஓசூர் ரோட்டில்தானாமே? சும்மா கேட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தக் கொட்டகையில் ராத்திரியானால் "அப்பா, முழிச்சிருக்கியா?" என்று கேட்பாய். முழித்துத்தான் இருந்தேன். மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒன்பது வயசு உனக்கு. கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டாய். போன் எடுக்கவில்லை என்று அம்மா உன்னைத் திட்டும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

தடை முடிகிற வரை வீட்டில்தான் இருப்பேன். எந்த நேரமானாலும் கூப்பிடு.

நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். ஒரு ஆளாகத் தின்று தீர்க்க முடியாது. எதிர் ரூம் பையனையும் கூப்பிடு. டப்பாவை மட்டும் மறக்காமல் கொண்டு வா, பெரியத்தையுடையது.

அப்பா