டூ ஸ்ட்ரோக்குக்கும் ஒரு ரேஸ் கிளாஸ் கொடுங்கள்

பைக் பந்தயம் நடத்தும் கிளப் பொறுப்பாளர்களுக்கும் டிராக் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த சீசனில் ஏதாவது ஒரு ரவுண்டில், பட்டறையில் கட்டிய டூ ஸ்ட்ரோக் சூப்பர்மோட்டோ வண்டிகளுக்கென்று தனியாக ஒரு கிளாஸ் (பந்தயப் பிரிவு) வேண்டும். சாம்பியன்ஷிப் பாயிண்ட் வேண்டாம், பரிசுப் பணமும் வேண்டாம். எட்டுப் பத்து லேப், முறையான ஸ்க்ருட்டினி (பந்தயத்துக்கு முன் வண்டிச் சோதனை), கொடி காட்ட மார்ஷல்கள், ஓரத்தில் ஓர் ஆம்புலன்ஸ். நுழைவுக் கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம்.

சூப்பர்மோட்டோ என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. 1979ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, எல்லா வகைப் பந்தயத்திலும் கெட்டிக்கார ரைடர் யார் என்று பார்ப்பதற்காக, கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் தாரும் மண்ணும் கலந்த டிராக்கில் நடத்திய போட்டியில் பிறந்தது இது. மண்ணில் ஓடும் மோட்டோகிராஸ் வண்டிக்குத் தாருக்கேற்ற டயரை மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஐரோப்பா, குறிப்பாக பிரான்ஸ், இதைத் தத்தெடுத்துக்கொண்டது. இன்று பல கிளப்புகளில் மண் பகுதியே கிடையாது. முழுக்கத் தார், அதுவும் கார்ட்டிங் டிராக்கில்.

நம் ஊரில் இதை யார் கட்டுகிறார்கள்? யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 135 இன்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிக்கிற பையன்கள். 2011ல் வந்த ஹீரோ இம்பல்ஸின் சேஸியைப் பழைய விலைக்கு வாங்கி, இன்ஜின் மவுண்டைப் புதிதாக வெல்டு செய்து, அந்த 132 சிசி இன்ஜினை உள்ளே உட்கார வைக்கிறார்கள். என் பட்டறையில் நிற்கும் வண்டியும் இந்த ஜாதிதான். ஆர்எக்ஸ், இம்பல்ஸ் இரண்டுக்கும் 428 அளவு செயின்தான் என்பதால் ஸ்பிராக்கெட் கிடைப்பதில் தொல்லை இல்லை. செயின் லைன் நேராக வருகிறதா என்பதில்தான் லேத்துக்காரரின் பொறுமை சோதிக்கப்படும்.

இப்படிக் கட்டிய வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே தடுக்கிறது. அந்தப் பிரிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சட்டம் ரோட்டை மூடிய பிறகு இந்த வண்டிக்கு மிச்சம் இருப்பது டிராக் மட்டும்தான். அங்கேயும் இடம் இல்லை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஈசிஆரில் போய் ஓட்டுகிறார்கள். டிராக்கில் யாரும் ஓட்டிப் பார்க்கும் ஒரு டிராக் டேயில் கேட்டிலேயே என் வண்டியைப் பார்த்துவிட்டு, “டூ ஸ்ட்ரோக்கா? வேண்டாம் சார், கொண்டுபோயிடுங்க” என்றார்கள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி வண்டியைத் தயார் செய்யலாம். அந்த எழுத்தைத்தான் கேட்கிறேன்.

இந்த வண்டியைக் கட்டுவது ஒரு தொழில்நுட்பப் படிப்பு. இம்பல்ஸின் முன் வீல் 19 இஞ்ச். அதைக் கழற்றி 17 இஞ்ச் வீலில் 110/70 டயர் போட்டால் முன்பக்கம் சுமார் 3 செ.மீ. இறங்குகிறது. பின்பக்கம் ஏற்கெனவே 17 என்பதால் உயரம் அப்படியே இருக்கும். விளைவு, ஃபோர்க் கோணம் நிமிர்கிறது, டிரெயில் (ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைகிறது. மெதுவான வளைவில் வண்டி சட்டென்று மடங்கும், ஜாலியாக இருக்கும். நேர்ப்பாதையில் பிரேக் பிடிக்கும்போதுதான் ஹேண்டில் படபடக்கும். ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடிக்கும் டி-ஸ்டெம்மில் கீழே இறக்கலாம், ஆனால் கிளாம்ப் பிடிக்கப் போதிய நீளம் மிஞ்ச வேண்டும். பின்பக்கத்தைத் தாழ்த்தலாம், சாய்கிற வளைவில் ஃபுட்பெக் தார் மேல் உரசும். ஆஃப்செட் (ஸ்டீயரிங் அச்சிலிருந்து ஃபோர்க் முன்தள்ளி நிற்கும் தூரம்) குறைந்த டி-ஸ்டெம்மை அலுமினியத்தில் கடைந்து போடுவதுதான் சரியான வழி. இதையெல்லாம் யோசித்துச் செய்கிற பையன் இன்ஜினியரிங் காலேஜில் படித்தவனாக இருக்க வேண்டியதில்லை. புதுப்பேட்டையில் பார்ட்ஸ் தேடி வளர்ந்தவனாகவும் இருக்கலாம்.

இன்ஜின் பக்கம் வந்தால் இன்னும் சுவை. போர்ட்டிங் (சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைக் கடைந்து மாற்றுவது) என்றதும் பெரும்பாலானவர்கள் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே ஏற்றிவிடுவார்கள். நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ் பழக்கம் அது. நேராகப் போகிற வண்டிக்கு உச்ச ஆர்பிஎம்மில் பவர் இருந்தால் போதும். சூப்பர்மோட்டோவில் ஹேர்பின் முடிந்ததும் அடுத்த ஹேர்பின். கீழே செத்துக் கிடந்து 9,000க்கு மேல் மட்டும் பாய்கிற இன்ஜின், வளைவை விட்டு வெளியே வரும்போது கிளட்சைத் தின்னும். அதனால் போர்ட்டை உயர்த்தாமல் கொஞ்சம் அகலப்படுத்துகிறோம். அதற்கும் எல்லை உண்டு. சிலிண்டர் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் பிஸ்டன் ரிங் போர்ட் விளிம்பில் மாட்டி உடையும். விளிம்பைச் சாய்த்துத் தேய்க்காமல் விட்டாலும் அதே கதிதான்.

எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (நடுவில் பருத்த டூ ஸ்ட்ரோக் புகைக்குழாய்) அப்படித்தான். கிராங்க் சுற்றில் 180 டிகிரிக்கு எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும் இன்ஜினை 9,000 ஆர்பிஎம்முக்குக் கட்டினால், பிஸ்டன் முகத்திலிருந்து சேம்பரின் குறுகிச் செல்லும் பின்கோனின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 85 செ.மீ. வரும். 10,500க்கு என்றால் 73 செ.மீ. அளவுக்குக் குறையும். வெளியேறும் அழுத்த அலை பின்கோனில் மோதித் திரும்பி வந்து, சிலிண்டரைத் தாண்டி ஓடப் பார்க்கும் புது பெட்ரோலை உள்ளே தள்ளிவிட வேண்டும். அது சரியான நேரத்தில் வந்து சேரும் தூரம்தான் இந்த அளவு. தகட்டை வெட்டி, உருட்டி, கோன் கோனாக வெல்டு வைக்கிறவனுக்கு இது பாடப்புத்தக விஷயம் அல்ல. 2 செ.மீ. கூட்டினால் பவர் எங்கே நகர்கிறது என்று அவன் பிட்டத்துக்குத் தெரியும். (மன்னிக்கவும், வேறு சொல் கிடைக்கவில்லை.)

ஜெட்டிங்கை (கார்ப்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டைத் தேர்வது) பற்றிப் பேசாமல் டூ ஸ்ட்ரோக் பேச்சு முடியாது. காற்று 12 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது. அதனால் மத்தியான வெயிலில் கச்சிதமாக செட் செய்த மெயின் ஜெட், மறுநாள் விடியற்காலை பிராக்டிஸில் லீனாகிவிடும், அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் போகாது. பிளக்கின் பீங்கான் வெளுத்துக் காட்டும். கவனிக்காமல் இன்னும் நாலு லேப் போனால் பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் ஜாம். இதில் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால் பழைய ஜெட் நம்பர்கள் எல்லாமே லீன் பக்கம் சாய்ந்துவிட்டன. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் மெலிது. ஆனால் சென்னையைவிடக் குளிர்ச்சி என்பதால் அதில் ஒரு பங்கு ஈடாகிவிடும். கோயம்புத்தூரின் கரி ஸ்பீட்வேக்கும் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் ஒரே ஜெட் சில நாள் பொருந்திப்போவதன் ரகசியம் இதுதான். சோதிக்க ஒரே வழி டிராக்கில் ஃபுல் த்ராட்டிலில் ஓடி, கிளட்ச் பிடித்து, இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. ரோட்டில் இதை எப்படிச் செய்வது?

இப்போது இருக்கிற ஒன்-மேக் பந்தயங்களை நான் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே வண்டி என்றால் ரைடரின் திறமை பளிச்சென்று தெரியும். ஆனால் இன்ஜினுக்கு சீல் வைத்த பந்தயத்தில் மெக்கானிக்குக்கு என்ன வேலை? டயர் மாற்றலாம், செயின் இறுக்கலாம். சோழவரத்தில் உலகப் போர் கால விமான ஓடுதளத்தில் ஓடிய நாட்களில், ராத்திரி முழுக்க கார்ப்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறை சென்னையில் இருந்தது. பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு நகர்ந்த பிறகும் ஆர்எக்ஸும் சுசுகி ஷோகனும் ஓடிய வரை அந்தக் கைகளுக்கு வேலை இருந்தது. இன்று டூ ஸ்ட்ரோக் பைக் அதிகம் கண்ணில் படுவது நேர்கோட்டு டிராக் (drag) ரேஸில்தான். வளைவு எடுக்கும் பந்தயத்தில் அந்த மெக்கானிக்குகளுக்கு இடமில்லை.

உங்கள் தரப்புக் கவலைகளும் எனக்குத் தெரியும். புகை என்பீர்கள். டூ ஸ்ட்ரோக்குக்கான நல்ல சிந்தெட்டிக் 2டி ஆயிலை லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி கலந்தால், சூடான இன்ஜினில் புகை கண்ணுக்குத் தெரியாத அளவுதான். சூடான பிறகும் வெள்ளையாகப் புகைத்தால் கிளட்ச் பக்க கிராங்க் சீல் போய், கியர் ஆயிலை இழுக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை ஸ்க்ருட்டினியில் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். சத்தம் என்றால், சேம்பரின் வாலில் சைலன்சர் கட்டாயம் என்று எழுதி, ஒரு டெசிபல் அளவையும் போடுங்கள். டிராக்கில் ஆயில் கொட்டும் என்ற பயம் வேண்டாம். எங்கள் வண்டியில் கியர்பாக்ஸில் இருக்கும் அரை லிட்டர் சொச்சம்தான் மொத்த ஆயில். ஏர்கூல்டு என்பதால் கூலன்ட் கிடையவே கிடையாது.

ஜாம் ஆகிப் பின் வீல் பூட்டிக்கொள்ளும் என்பது மட்டும் நியாயமான கவலை. நீண்ட நேர்ப்பாதையில் அது அதிகம் நடக்கும். த்ராட்டிலை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடும், இன்ஜினோ முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. முழு டிராக்கை நாங்கள் கேட்கவில்லை. அங்கேயே கார்ட்டிங்குக்கென்றே தனி டிராக் வந்துவிட்டது. அதன் குட்டை நேர்ப்பாதைகளும் அடுத்தடுத்த வளைவுகளும் இந்த வண்டிக்கே போட்டது போல இருக்கின்றன. கிளட்ச் லீவரில் எப்போதும் இரண்டு விரல் என்பதை ரைடர் பிரீஃபிங்கில் நீங்களே சொல்லுங்கள்.

விதிமுறை எழுத உங்களுக்கு நேரம் இல்லை என்றால் எங்களிடம் ஒரு வரைவு தயாராக இருக்கிறது. ஏர்கூல்டு டூ ஸ்ட்ரோக், 135 சிசி வரை; அதற்குள் போர்ட்டிங், ஹெட், கார்ப்புரேட்டர், சேம்பர் எல்லாம் அவரவர் இஷ்டம். 17 இஞ்ச் வீல், முன்னால் டிஸ்க் பிரேக். ஆயில் டிரெயின் போல்ட்டுக்குக் கழலாமல் கட்டும் லாக்வயர், கார்ப்புரேட்டர் ஓவர்ஃப்ளோவுக்கும் கியர்பாக்ஸ் பிரீதருக்கும் சிந்துவதைப் பிடிக்கும் கேட்ச் டேங்க், ரைடர் மணிக்கட்டில் கட்டும் கில் சுவிட்ச் கயிறு. வண்டி விழுந்தால் தாரைக் கீறாமல் இருக்க ஃபுட்பெக், ஆக்சில், ஹேண்டில் முனைகளில் நைலான் மூடி. வெல்டு செய்த மவுண்ட் ஒவ்வொன்றையும் பெயின்ட் அடிக்காமல் காட்ட வேண்டும், விரிசல் இருந்தால் வெளியே. நாலு ஸ்ட்ரோக் வண்டிகளையும் சேர்த்து விட நினைத்தால் மோட்டோகிராஸில் 125 டூ ஸ்ட்ரோக்கையும் 250 நாலு ஸ்ட்ரோக்கையும் ஒன்றாக நிறுத்தும் பழைய கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் பந்தயமே வேண்டாம் என்றாலும் சரி. ரேஸ் வார இறுதியின் வெள்ளிக்கிழமை பிராக்டிஸில், மற்ற கிளாஸ்கள் முடிந்த பிறகு அரை மணி நேரம் கொடுங்கள். ஸ்க்ருட்டினிக்கு வண்டிகளை முந்தின நாள் மாலையே கொண்டுவந்து நிறுத்துகிறோம். சேம்பர், ஹெட் எல்லாவற்றையும் உங்கள் ஆட்கள் முன்னால் கழற்றிக் காட்டவும் தயார். தேதியைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஆர்எக்ஸ் வண்டிகளோடு புழங்கும் ஒரு சென்னை மெக்கானிக்