சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ஆன்டிவைரஸை அணைப்பது தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்றுமதியாளர்களின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடிகளைப் பற்றி நம் பகுதி நாளிதழ்கள் தொடர்ந்து எழுதி வருகின்றன. அத்தகைய மோசடிகளுக்குக் கதவைத் திறந்துவைக்கும் ஒரு பழக்கத்தை, திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் பனியன் கம்பெனிகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் கணினிப் பராமரிப்பு செய்து வருபவன் என்ற முறையில் அன்றாடம் பார்க்கிறேன். அதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம்.

ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி மாலையில், ஏதோ ஒரு கம்பெனியின் கணக்காளர் வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' (உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல) என்ற சான்றிதழ் எச்சரிக்கை திரையில் வருகிறது. ஆன்டிவைரஸ் விற்றவருக்கோ சர்வீஸ்காரருக்கோ போன் போட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டுப் பாருங்கள்' என்பதுதான். அணைத்தவுடன் பக்கம் திறக்கிறது, வரியும் கட்டப்படுகிறது. ஆனால் தலைக்கு மேல் வேலை இருக்கும் அந்த அலுவலகத்தில், அணைத்ததை மறுபடி இயக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. வாரக்கணக்கில் காவலின்றிக் கிடக்கும் அந்தக் கணினியில்தான் வெளிநாட்டு பையர்களின் மின்னஞ்சல்களும், வங்கிக் கடவுச்சொல்லும், மின்னணுக் கையொப்பமிடும் யு.எஸ்.பி. கருவியான கையொப்ப டோக்கனும் இருக்கின்றன.

அணைத்தவுடன் பக்கம் திறப்பதற்குக் காரணம் உண்டு. இன்று இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி எச்.டி.டி.பி.எஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. வைரஸ்களும் அதே வழியில்தான் வருகின்றன. ஆகவே பல பாதுகாப்பு மென்பொருள்கள் பிரௌசருக்கும் வங்கித் தளத்துக்கும் நடுவே உட்கார்ந்து, வரும் தரவைப் பிரித்துப் பார்த்து, தளத்தின் அடையாளச் சீட்டான சான்றிதழுக்குப் பதில் தம்முடைய சான்றிதழைப் போட்டு மீண்டும் மூடி அனுப்புகின்றன. பார்சல் ஆபீசில் பேலைப் பிரித்துச் சோதித்துவிட்டு வேறு முத்திரை வைத்துத் தைத்து அனுப்புவது போன்றது இது. அந்த முத்திரையைப் பிரௌசர் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், பாதுகாப்பு மென்பொருளின் ரூட் சான்றிதழ் (அது போடும் முத்திரைகளுக்கெல்லாம் மூலமான சான்றிதழ்) விண்டோஸின் நம்பகப் பட்டியலில் இருந்தாக வேண்டும். நிறுவும்போது அது சரியாகப் பதியாமல் போனாலோ, ஏதோ ஒரு 'கிளீனர்' மென்பொருள் அதை அழித்துவிட்டாலோ, ஒரே கணினியில் இரண்டு பாதுகாப்பு மென்பொருள்கள் இருந்து ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிட்டாலோ எச்சரிக்கை வரத்தான் செய்யும்.

எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டியது, அதைப் படிப்பதுதான். முகவரிப் பட்டையில் தளத்தின் பெயருக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, சான்றிதழைத் திறந்து, அதை வழங்கியவர் யார் என்ற வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், கோளாறு உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது: அந்த மென்பொருளின் அமைப்புகளில் எச்.டி.டி.பி.எஸ் சோதனை என்ற ஒன்றை மட்டும் நிறுத்தி மீண்டும் இயக்கினால், பல மென்பொருள்கள் தம் ரூட் சான்றிதழைப் புதிதாகப் பதிந்துகொள்ளும். வைரஸ் தடுப்பின் மற்ற பகுதிகளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பயர்பாக்ஸின் பழைய பதிப்புகளும் ஜாவாவில் இயங்கும் கருவிகளும் விண்டோஸின் பட்டியலை விட்டுவிட்டுத் தமக்கென ஒரு பட்டியலை வைத்திருப்பதால், குரோமில் திறக்கும் தளம் அவற்றில் மட்டும் திறக்காமல் போவதும் உண்டு.

வழங்கியவர் பெயர் ஆன்டிவைரஸும் இல்லை, கேள்விப்பட்ட சான்றிதழ் நிறுவனமும் இல்லை என்றால், கடவுச்சொல்லைத் தட்டாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் எச்சரிக்கை வந்தால் கோளாறு பெரும்பாலும் தளத்தின் பக்கம் இருக்கிறது. காத்திருப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மொபைல் டேட்டாவில் சரியாகத் திறந்து, அலுவலக வைஃபையில் மட்டும் எச்சரிக்கை வந்தால், அலுவலகத்து ஃபயர்வாலையோ ரவுட்டரையோ ஆராய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கணினியின் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. நிட்டிங் யூனிட்களில் இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், காலையில் கணினி பல ஆண்டுகள் பின்னுக்குப் போன தேதியோடுதான் எழுந்திருக்கும். அந்தத் தேதிக்கு எந்தச் சான்றிதழும் செல்லாது என்பதால் எல்லாத் தளங்களிலும் எச்சரிக்கை வரும். தேதி மிகவும் விலகியிருந்தால் விண்டோஸ் தானாகவும் அதைச் சரிசெய்துகொள்ளாது. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரியை மாற்றினால் தீர்ந்துவிடும் இந்தக் கோளாறுக்காக ஆன்டிவைரஸையே நீக்கிய கணினிகள் நம் ஊரில் ஏராளம்.

நான் மிகவும் வருந்துவது கையொப்ப டோக்கன் விஷயத்தில்தான். கம்பெனிகள் ஜி.எஸ்.டி. தளத்தில் டோக்கனால் கையொப்பமிட வேண்டும். அதற்கு நிறுவப்படும் மென்பொருள், அதே கணினியில் 127.0.0.1 என்ற முகவரியில் ஒரு சிறு சர்வராக ஓடி, பிரௌசரோடு எச்.டி.டி.பி.எஸ் வழியாகப் பேசுகிறது. அதன் சான்றிதழைப் பிரௌசர் நம்பாதபோது, அந்த முகவரியைத் திறந்து 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தி, 'புரொசீட்' கொடுங்கள் என்று வழிகாட்டிக் குறிப்பே சொல்கிறது. அந்தத் தரவு கணினியை விட்டு வெளியே போவதில்லை என்பதால், அந்த ஒரு முகவரிக்கு அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் மாதந்தோறும் அதையே செய்து பழகிய கை, வங்கித் தளத்தில் எச்சரிக்கை வரும்போதும் யோசிக்காமல் 'புரொசீட்' பொத்தானைத் தேடுகிறது. சில தளங்களில் அந்தப் பொத்தானே வராது. தன்னோடு பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே பேச வேண்டும் என்று தளமே பிரௌசருக்கு உத்தரவிட்டிருப்பதுதான் அதற்குக் காரணம். அந்தத் தடையைக் கண்டதும் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வது, ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். கையொப்பக் கருவி வேலை செய்யவில்லை என்றால், பாதுகாப்பு மென்பொருளின் விலக்குப் பட்டியலில் அந்தக் கருவியையும் 127.0.0.1 முகவரியையும் மட்டும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஆன்டிவைரஸ் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டு வந்து, 2015-இல் அம்பலமான சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், எல்லாக் கணினிகளிலும் ஒரே ரூட் சான்றிதழையும் அந்த முத்திரை வைக்கப் பயன்படும் ஒரே ரகசியச் சாவியையும் வைத்திருந்தது. அந்தச் சாவி வெளியானதும், அந்த மடிக்கணினிகளின் முன் எவரும் எந்தத் தளமாகவும் வேடம் போடலாம் என்ற நிலை வந்தது. நடுவில் நின்று பிரித்துப் பார்க்கும் பாதுகாப்பு மென்பொருள்களை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இணைப்பின் பாதுகாப்பைக் குறைக்கின்றன என்று கண்டறிந்தது. ஆகவே வங்கி, வருமான வரி, ஜி.எஸ்.டி. தளங்களை எச்.டி.டி.பி.எஸ் சோதனையிலிருந்து விலக்கிவைத்து, மற்றவற்றுக்குச் சோதனையை வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்துவிட்ட விண்டோஸ் 7-ஐ வைத்துக்கொண்டு எந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

சொந்தமாக மின்னஞ்சல் சர்வரும் இ.ஆர்.பி. என்ற நிர்வாக மென்பொருளும் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்கச் சான்றிதழ் நிறுவனங்களும் பிரௌசர் நிறுவனங்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் முடிவெடுத்தன. புதுப்பித்தலைத் தானியங்கியாக்காத சர்வர்களில் சான்றிதழ் காலாவதியாகி, அந்தக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கு எச்சரிக்கை அடிக்கடி வரும். 'புரொசீட்' பழக்கம் இன்னும் வேரூன்றும்.

ஆகவே பாதுகாப்பு மென்பொருள் விற்போருக்கும் நிறுவுவோருக்கும் என் வேண்டுகோள்: எச்.டி.டி.பி.எஸ் சோதனை இயங்குகிறதா, எந்தத் தளங்கள் விலக்கப்பட்டுள்ளன, அதை எங்கே மாற்றுவது என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, கணக்காளர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். தொழில் அமைப்புகள் தம் உறுப்பினர்களின் கணக்காளர்களுக்குச் சான்றிதழைத் திறந்து படிக்க ஒரு மணி நேரப் பயிற்சி அளிக்கலாம். ஜி.எஸ்.டி. தளத்தை நடத்துவோர், 'புரொசீட்' கொடுக்கச் சொல்லும் குறிப்பின் கீழேயே, இது 127.0.0.1 முகவரிக்கு மட்டும்தான் பொருந்தும், வேறெந்தத் தளத்திலும் இப்படிச் செய்யக் கூடாது என்ற வரியைத் தமிழிலும் சேர்க்க வேண்டும். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கம் இதை வலியுறுத்தினால், அடுத்த 20ஆம் தேதிக்குள் சில அலுவலகங்களிலாவது அணைத்துவைத்த ஆன்டிவைரஸ் மறுபடி இயங்கத் தொடங்கும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
அவிநாசி.