கட்சிக்காரர் ஓட்டைக் கணக்குப் பார்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

24 வருடமாக நான் ஒரு கட்சியில் உறுப்பினர். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை, எந்தக் கட்சியிலும் நடக்கக்கூடிய விஷயத்தைத்தான் எழுதுகிறேன்.

சென்ற தேர்தல் முடிவு வந்து பத்து நாள் கழித்து எங்கள் கிளைக் கூட்டம் நடந்தது. எங்கள் வாக்குச்சாவடியில் கட்சி உறுப்பினர்கள் 212 பேர். எங்கள் வேட்பாளருக்கு அந்தச் சாவடியில் விழுந்தது 167 ஓட்டு. கிளைச் செயலாளர் இரண்டு எண்களையும் பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தார். "இந்த 45 பேர் யார்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, ஒவ்வொருவராக எழுந்து, நம் சின்னத்துக்குத்தான் போட்டேன் என்று சொல்லுங்கள் என்றார்.

என் முறை வந்தபோது நானும் எழுந்து சொன்னேன். அது பொய். அந்த வேட்பாளரிடம் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை, மாற்றித்தான் போட்டேன். கடைசியில் பழி ஒரு இளைஞர்மேல் விழுந்தது. வேட்பாளர் பெயர் வந்த அன்றே "இவர் வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். 11 வருடமாகப் பூத் ஏஜெண்டாக விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தவர். அந்தப் பொறுப்பை அன்றே அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான்தான் மாற்றிப் போட்டேன் என்று சொல்லியிருந்தால், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது போல ஆகியிருக்கும். இப்படித்தான் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வியே தப்பு என்று எழுந்து சொல்லியிருக்கலாமே! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 2003இல் இதற்கு ஒரு விதிவிலக்கு வந்தது. மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் கட்சி முகவரிடம் ஓட்டுச் சீட்டைக் காட்ட வேண்டும். 2006இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கொறடா உத்தரவு, 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இவையெல்லாம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குத்தான். கட்சிச் சின்னத்தில் மக்களிடம் ஓட்டு வாங்கிப் போனவர்கள் அவர்கள். உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் வாக்குச்சாவடிக்குள் வெறும் வாக்காளர்தான். நம் வாக்காளர் பட்டியலில் கட்சி என்று ஒரு பத்தியே கிடையாது.

அந்தக் கழித்தல் கணக்காவது சரியா என்றால், அதுவும் இல்லை. 212 என்ற எண் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும், அதில் 38 பேரைச் சேர்த்தது நான். உறுப்பினர் சேர்க்கை நடந்தபோது ஆளுக்கு இத்தனை படிவம் என்று இலக்கு கொடுத்தார்கள். என் தங்கை வீட்டில் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டது, பெரியம்மா கேட்கிறார்களே என்பதற்காக. ஒரு பையன் எனக்கு முன்பே வேறொரு கட்சிக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தான். இரண்டு பேர் வேலைக்காக வெளியூர் போனவர்கள், தேர்தலன்று வரவே இல்லை. ஒருவர் இறந்தே போய்விட்டார், பெயரை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் இப்படி என்றால், இந்தப் பக்கம் விழுந்த 167இல் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆகவே மாற்றிப் போட்ட உறுப்பினர்கள் 45 பேர் என்று எவராலும் சொல்ல முடியாது. அதைவிடக் கூட இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து ஒரு மனிதரைத் துரோகி என்றார்கள்.

சாவடிவாரியாக எண்ணிக்கை வெளியே தெரிவதால்தான் இந்தக் கணக்கே போட முடிகிறது. வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. இப்போது ஒவ்வொரு இயந்திரமும் தன் சாவடியின் கணக்கைத் தனியாகக் காட்டுகிறது. பல இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்து மொத்தமாக மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் அதையே சொன்னது. ஒரு சாவடிக்கு ஆயிரம் சொச்சம் ஓட்டுதான். ஒரு தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை ஊகிக்க அது போதும். கட்சிக்காரர்களுக்கு மட்டுமல்ல, எல்லா வாக்காளர்களுக்கும் இந்தக் கருவி வேண்டும்.

உறுப்பினருக்குக் கட்சி மீது உரிமையே இல்லையா என்றால், உண்டு. வேட்பாளர் முடிவாகும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் ஒரு கட்சியின் பெயரில் பதிந்த வாக்காளர்கள்தான் அதன் முன்தேர்தலில் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுத் தேர்தலில் அதே ஆள் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். பிரிட்டனில் 2022இல் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, 81,326க்கு 60,399 என்று ரிஷி சுனக்கைத் தோற்கடித்து லிஸ் டிரஸ்ஸைத் தலைவராக்கினார்கள். அவர் சில வாரங்களிலேயே பதவி விலகினார் என்பது வேறு விஷயம். ஆனாலும் கட்சி அவர்களைக் கேட்டது. இந்த 24 வருடத்தில் வேட்பாளர் யார் என்று என்னை ஒருமுறையும் கேட்டதில்லை. தேர்தல் முடிந்த பிறகு, யாருக்குப் போட்டாய் என்று மட்டும் கேட்கிறார்கள்.

அந்தத் தம்பி இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை. சந்தாவை மட்டும் இந்த வருடமும் கட்டியிருக்கிறார். அடுத்த கிளைக் கூட்டத்தில் நான் எழுந்து, அன்று போட்ட கணக்கைக் கிளையின் பதிவேட்டிலிருந்து நீக்கி, அவருக்கு ஏஜெண்ட் பொறுப்பைத் திரும்பக் கொடுக்கும்படி கேட்கப்போகிறேன். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அங்கே சொல்ல மாட்டேன். கூட்டம் முடியும்வரை என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி