துப்பாக்கியில் குண்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் ரகசிய ஹிப்னாட்டிச (மனவசிய) ஆராய்ச்சிகள் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் கட்டுரையாளர் தன் வாதத்துக்குத் தூணாக நிறுத்தியிருக்கும் சம்பவத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார். கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தியவன் என்பதால் மீதிப் பாதியையும் எழுதத் தோன்றியது.

1954 பிப்ரவரி 19 அன்று நடந்தது அது. சி.ஐ.ஏ.வின் பாதுகாப்புப் பிரிவில் இருந்த மோர்ஸ் ஆலன், அலுவலகச் செயலாளராக வேலை பார்த்த ஒரு பெண்ணை ஹிப்னாட்டிசத்தில் ஆழ்த்தி, நான் சொல்லும்வரை எழுந்திருக்காதே என்கிறார். இன்னொரு பெண்ணையும் அதேபோல் ஆழ்த்தி, இவளை எப்படியாவது எழுப்பு, எழவில்லை என்றால் கொல்லும் அளவுக்கு உனக்குக் கோபம் வரும் என்று சொல்கிறார். பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி. துப்பாக்கி என்றாலே பயம் என்று முன்பு சொல்லியிருந்த அந்த இரண்டாவது பெண், அதை எடுத்து தூங்கிக்கொண்டிருந்தவளைச் சுட்டுவிட்டார். துப்பாக்கியில் குண்டு இல்லை. விழித்தபின் கேட்டால், நான் யாரையும் சுடவில்லையே என்கிறார்.

உங்கள் கட்டுரை இந்த இடத்தில் நின்றுகொண்டு, ஆக மனிதனைப் பொம்மையாக்கிவிட்டார்கள் என்று முடிக்கிறது. ஆனால் சோதனையை நடத்திய ஆலனுக்கே அந்த நம்பிக்கை வரவில்லை. சுட்டவர், தன் அலுவலகத்துக்குள், தனக்கு மேலிருக்கும் அதிகாரி சொல்லி, தானாக முன்வந்து உட்கார்ந்த இளம்பெண். இங்கே விபரீதமாக எதையும் நடக்க விடமாட்டார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கும். எதிரி நாட்டு உளவாளியை இருட்டறையில் உட்காரவைத்து இதே வேலையைச் செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தச் சோதனையில் விடை கிடையாது. (ஆலன் இந்த வித்தையைக் கற்றது 1951இல், நியூயார்க்கில் மேடை நிகழ்ச்சி நடத்தும் ஒருவரிடம், நான்கே நாளில். இதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.)

இந்தச் சந்தேகத்தை முறையாகச் சோதித்தவர்கள் உளவியல் ஆய்வாளர்களான மார்ட்டின் ஆர்னும் ஃபிரெடெரிக் எவன்ஸும். அவர்களுடைய ஆய்வு 1965இல் வெளிவந்தது. ஹிப்னாட்டிசத்தில் இருந்தவர்களிடம் விஷப்பாம்பைக் கையால் எடுக்கச் சொன்னார்கள், புகை கக்கும் அமிலத்துக்குள் விரலை விட்டுக் காசை எடுக்கச் சொன்னார்கள், அந்த அமிலத்தை எதிரில் நிற்பவர் முகத்தில் வீசச் சொன்னார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் எல்லாவற்றையும் செய்தார்கள். சரி, அப்படியென்றால் வசியம் உண்மைதானே என்று தோன்றும். ஆனால் வசியப்பட்டதுபோல் நடிக்கச் சொல்லி வைத்திருந்த வேறு ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறு பேரும் அதையே செய்தார்கள்! பாம்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி வைத்திருந்ததும், வீசும் நேரத்தில் அமிலத்தை மாற்றிவிட்டதும் இரண்டு கூட்டத்துக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வு, நமக்கு ஒன்றும் ஆகவிடமாட்டார்கள் என்ற தைரியம்தான் அவர்கள் எல்லாரையும் செய்ய வைத்தது. இதில் வேடிக்கை, ஆர்னின் ஆராய்ச்சிக்கே சி.ஐ.ஏ. தன் போர்வை அமைப்பு ஒன்றின் வழியாகப் பணம் கொடுத்திருக்கிறது.

சி.ஐ.ஏ.வும் கடைசியில் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 1963இல் அவர்கள் தயாரித்த 'குபார்க்' விசாரணைக் கையேட்டில் ஹிப்னாட்டிசத்துக்கு ஒரு பகுதி உண்டு. கைதிக்கு உண்மையில் வசியம் ஏறவேண்டிய அவசியமில்லை, ஏறிவிட்டதாக அவன் நம்பினால் போதும் என்கிறது அது. உன் கை சூடாகிறது என்று சொல்லிவிட்டு, மறைத்துவைத்த மின்கருவியால் கையை நிஜமாகவே சூடாக்குவது. சிகரெட் கசக்கும் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கசப்பேற்றிய சிகரெட்டைக் கொடுப்பது. கைதி தன்மேல் பழியில்லாமல் வாய்திறக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும், நான் என்ன செய்வேன், வசியம் பண்ணிவிட்டார்கள் என்று. 1950இல் 'புளூபேர்டு' என்ற ரகசியத் திட்டமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே 'ஆர்ட்டிசோக்' என்று பெயர் மாற்றி, 1953இல் 'எம்.கே. அல்ட்ரா' என்ற இன்னொரு திட்டத்தையும் கூடச் சேர்த்து இவ்வளவு காலம் தேடியதற்குக் கிடைத்தது, திருவிழாக் கூட்டத்தில் செப்படி வித்தைக்காரன் செய்கிற கைவேலை.

கோப்புகளை அழித்தார்களே, வெற்றி கிடைக்காமலா அழிப்பார்கள் என்று கட்டுரையாளர் கேட்கிறார். தோற்றவனுக்கும் குற்றம் செய்தவனுக்கும்தான் கோப்பை அழிக்கும் அவசரம் அதிகம். 1973இல், அப்போதைய சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்டு ஹெல்ம்ஸ் உத்தரவில் எம்.கே. அல்ட்ரா கோப்புகள் அழிந்தன. கணக்கு வழக்குப் பிரிவின் பழைய பதிவுகளோடு தனியாகக் கிடந்த ஏழு பெட்டிகள் மட்டும் தப்பி, 1977இல் வெளியே வந்தன. அந்த ஆகஸ்டில் செனட் குழுவின் முன் சி.ஐ.ஏ. தலைவர் ஸ்டான்ஸ்ஃபீல்டு டர்னர் சொன்ன கணக்குப்படி, 149 துணைத் திட்டங்களில் ஹிப்னாட்டிசம் சார்ந்தவை எட்டு. மற்றவை போதைமருந்துகளும் வேறு ஆராய்ச்சிகளும். 80 நிறுவனங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், சிறைகள்கூட அதில் உண்டு. யார் பணத்தில் வேலை நடக்கிறது என்பதே அங்கிருந்த பலருக்குத் தெரியாது.

கோபப்பட வேண்டியது இங்கேதான். ஃபிராங்க் ஓல்சன் என்ற ராணுவ விஞ்ஞானிக்கு அவர் அறியாமல் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைக் கலந்து கொடுத்தார்கள், சில நாள் கழித்து, 1953 நவம்பரில், நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் ஜன்னல் வழியாக விழுந்து இறந்தார். குடும்பத்துக்கு விஷயம் தெரிய 1975 ஆகிவிட்டது. மான்ட்ரியலில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை தேடிப் போனவர்களுக்கு இதே திட்டத்தின் பணம் பெற்ற டாக்டர் ஈவன் கேமரன் மின் அதிர்ச்சி வைத்தியம் கொடுத்து, நாள்கணக்கில் மருந்தில் தூங்கவைத்து, பதிவு செய்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார். இவர்களில் யாரும் பொம்மையாகவில்லை. நினைவை இழந்தார்கள், குடும்பம் குலைந்தது. கட்டுரையில் இவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி.

நம் ஊரிலும் குற்றவாளிக்கு ஊசி போட்டால் உண்மை வந்துவிடும் என்று டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம்வரை பேசுகிறார்கள். ஆர்ட்டிசோக் காரர்கள் ஹிப்னாட்டிசத்தோடு சேர்த்துப் பயன்படுத்திய அதே 'சோடியம் பென்டத்தால்' என்ற மயக்கமருந்துதான் நம் நார்கோ சோதனை ஊசியும். சம்மதமில்லாமல் ஒருவருக்கு அந்தச் சோதனை நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநில அரசு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த மாதிரிக் கட்டுரைகள் ஊசிக்கும் வசியத்துக்கும் இல்லாத சக்தியை ஏற்றிவிடுகின்றன.

தொடரின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஆலனின் முடிவையும் ஆர்ன், எவன்ஸ் ஆய்வையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்றால் முதல் பக்கத்தில் போட்ட அந்தச் சுழலும் கண் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.